வாசலுக்கு ஓடும் நாய்

பாப்பம்மா,

பாடாங் செராய் டவுனுக்கு அரிசி வரிசையில் நிற்கப் போகிறேன். கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. வேகவைத்த மரவள்ளி சட்டியில் இருக்கிறது. நாய்க்கு என் பங்கிலிருந்து போடு, உன் பங்கைத் தொடாதே.

இன்று கங்காணி ஜப்பான்காரனைக் கூட்டிக்கொண்டு லயத்து வீடுகளில் ரயில்பாதை வேலைக்கு ஆள் எழுத வருவானாம். பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், தன்னை விட்டுவிட்டு ஓடிப்போன வெள்ளைக்காரத் துரைதான் வந்துவிட்டார் என்று இந்த நாய் மேலே பாய்கிறது. ஜப்பான்காரன்மேல் பாய்ந்தால் துப்பாக்கிக் கத்தியால் குத்திப்போடுவான். இப்போதே சாக்கில் படுக்கப் பழக்கு. கத்தாதே, அடிக்காதே. குதித்தால் முகத்தைத் திருப்பிக்கொள். கால் தரையில் பட்டதும் ஒரு விள்ளல் கிழங்கு கொடு, படுத்தால் இன்னொன்று. கட்டிப்போடாதே. பங்களாவில் பட்டினியாய்க் கட்டிக் கிடந்ததை நினைத்து ஊளையிடும். பக்கத்து வீட்டுப் பிச்சையிடமும் விடாதே. அவன் பார்வை கறிச்சட்டிப் பார்வை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. வெளியே காலடி கேட்டால் முதலில் ஓடுவது நீதான். நாய் உன் பின்னால் ஓடுகிறது. நீ உட்கார்ந்தால்தான் அதுவும் உட்காரும். உன் புருஷனோடு சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப் போனவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

மாமா

கதவைச் சாத்திக்கொள். உன் புருஷன் வந்தால் வாசலில் நின்று கூப்பிடுவான், உள்ளே கேட்கும். வரமாட்டான் என்று ராத்திரி சொன்னேன், நீ சாப்பிடாமல் படுத்தாய். இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஆனாலும் தாழ்ப்பாள் போடாதே.