இடப்பக்கப் பல்லி

ஜூலை 3
இதனால் சகலருக்கும் அறிவிப்பது: மாமாவின் சலூனில் ரப்பர் பல்லி ஒன்று இன்று முறைப்படி பதவியேற்றது. பதவி, பெரிய கண்ணாடியின் இடது ஓரம். நியமித்தவர், நான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊரார் கழுத்தில் கத்தி வைப்பவர், பல்லிக்கு மட்டும் நடுங்குவார். எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. பல்லியும் ஒன்றுதான், பல்குச்சியும் ஒன்றுதான்.

சாயங்காலம் வரை சத்தமே இல்லை. பல்லியைப் பார்த்தபடியே முடி வெட்டிக்கொண்டிருந்தார். என் தொழிலுக்கே அவமானம்.

ஜூலை 4
பல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்த்தினேன். கண்ணாடியின் நடுவைத் தாண்டியதும் அலறினார். சீப்பு ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். “இவ்வளவு நேரம் எங்கடா இருந்துச்சு இது?”
அங்கேயேதான்.

ஜூலை 7
கணக்கு வாத்தியார் பாதி மீசையோடு பள்ளிக்கு வந்தார். மாமா ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தைத் தொடவே இல்லை. வாத்தியார் மூக்குக்கண்ணாடி போடாமல் எழுந்து வந்துவிட்டார். பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று என்று இனி எப்படிச் சொல்லிக்கொடுப்பார்?

“சலூன் கண்ணாடியைச் சாய்ச்சு வெச்சது நான்தான், அதான் மீசை பாதியாச்சு” என்று வகுப்பில் அளந்தேன். ஏக மரியாதை.

விஷயம் மாமாவுக்குப் போய்விட்டது. அவர் அடிக்கவில்லை, சிரித்தார். “நீதானா? எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்டா. நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தேன்.”

நான் கண்ணாடியைத் தொடவே இல்லை.

ஜூலை 8
இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 10
மாமா தட்டின் வலது பாதியை மட்டும் காலி செய்துவிட்டு, இன்னும் பசிக்கிறது என்றார். எழுந்து போகும்போது இடது தோளைக் கதவில் இடித்துக்கொண்டார். “கதவையும் நகர்த்திட்டியாடா?” எல்லோரும் சிரித்தார்கள்.

கதவை எப்படி நகர்த்துவேன்?

அம்மாவிடம் பல்லியில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா செருப்பைத் தேடினாள். எனக்குத்தான் என்று முதுகைத் தயார் செய்தேன். காலில் மாட்டிக்கொண்டு மாமாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

ஜூலை 16
டாக்டரம்மா மாமாவின் இடப்பக்கமிருந்து விரலை நகர்த்தி, “தெரியுதா? இப்ப?” என்றார். என் பரிசோதனையேதான், பல்லிக்குப் பதில் விரல். பிறகு ஸ்கேன். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள்.

மூளையில் வைரஸ். பலர் உடம்பில் சும்மா தூங்குமாம், என் உடம்பில்கூட. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் அபூர்வமாக விழித்துக்கொள்ளும். போன வருஷம் அம்மா மாமாவுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். அதை உடம்பு விரட்டாமலிருக்க அவர் போடும் மாத்திரை, உடம்பின் காவலாளியைத் தூங்க வைத்துவிட்டது. வைரசுக்கென்று மருந்து கிடையாது. மாத்திரையைக் குறைத்துக் காவலாளியை எழுப்ப வேண்டும். எழுந்தவன் சிறுநீரகத்தையும் திருடன் என்று துரத்தலாம். எழுப்பாவிட்டால் மாமாவே—

எழுத மாட்டேன்.

“அக்கா, உன் கிட்னி போயிடுமே.”
“உன்னைக் காப்பாத்தத்தான்டா கிட்னி குடுத்தேன். கிட்னியைக் காப்பாத்த உன்னைக் குடுக்க மாட்டேன்.”

என் பொய்யால் கெட்டுப்போச்சா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். “சீக்கிரம் வந்தா நல்லதுதான். வந்துட்டீங்கல்ல” என்றார். அது பதிலா, ஆறுதலா?

ஆகஸ்ட் 19
பள்ளியில் நான் இப்போது ‘டாக்டர் பல்லி’. நோயைக் கண்டுபிடித்தவனாம், பல்லிக்கே அஞ்சாதவனாம். நான் மறுக்கவில்லை. பட்டத்தை மறுப்பது மரியாதை இல்லை.

மாமா வீட்டில்தான். பேசும்போது வார்த்தை தேடுகிறார். ‘சீப்பு’ என்பதற்கு ‘தலை ரம்பம்’ என்றார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

நவம்பர் 2
மாமா சலூனுக்கு வந்தார். கத்தி எடுக்க அனுமதியில்லை, சும்மா உட்காரத்தான். சிறுநீரகம் இதுவரை பிடித்து நிற்கிறது. டாக்டரம்மா இன்னும் ‘பார்க்கலாம்’ என்றுதான் சொல்கிறார்.

“டேய், இடப்பக்கம் உன் பல்லி” என்றார் மாமா.
“சும்மா சொல்லாதீங்க மாமா. அது என் பையில இருக்கு.”

பையைத் தொட்டேன். இருந்தது. கண்ணாடியில் இருந்தது வாலை ஆட்டியது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். அலறியது மாமா இல்லை. சுழல் நாற்காலியின் மேல் ஏறி, அது சுழல, கூடவே சுழன்றது மாமா இல்லை. அவரும் நடுங்கினார்தான். ஆனால் இடப்பக்கத்தைப் பார்த்தபடியே நடுங்கினார்.

இன்னொன்று. அந்த ரப்பர் பல்லியையே நான் கைக்குட்டையால் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டுதான் ஒட்டினேன்.