ஒரு மாதம் குறைத்து எண்ணினேன்

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருந்தால் எங்களுக்கு அது போதும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ, பரவாயில்லம்மா விடு, என்று சொல்லிவிடுகிறாய், அதற்குமேல் எனக்குப் பேச்சு எழுவதில்லை. கட்டிலில் அப்பா வேறு காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார். அதனால்தான் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில், சாப்பாட்டு நேரத்தில், தேய்த்து மடித்த போர்வைகளின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து எங்கேயாவது கலைந்திருந்தால் மெஷின் ஆவி என்று எடுத்துக்கொள். அழவும் அழுதேன், அது வேறு.

பக்கவாதம் வந்த அப்பாவுக்கு வலது பக்கம் இன்னும் வரவில்லை. பேச்சு குழறினாலும் நக்கலுக்குக் குறைச்சல் இல்லாமல்தான் இருந்தார். போன வாரம் புரட்டிப் படுக்க வைக்கும்போது, போர்வைன்னு நெனச்சு மடிச்சு வெச்சுடாதடி, என்றார். உன்னை விமானத்தில் ஏற்றவில்லை என்று கேட்ட நாளிலிருந்து அதுவும் நின்றுபோய்விட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். நான் இந்த நாலு மணி நேர வேலைக்கு வருவதற்கே பக்கத்து வீட்டு அண்ணி வந்து உட்கார வேண்டியிருக்கிறது. அவரை விட்டுவிட்டு அங்கே கிளம்பி வர ஏதாவது வழி உண்டா என்று நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். இல்லை. மாப்பிள்ளையோ கப்பலில், கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம். உனக்குப் பிரசவம் மூன்று வாரத்தில். யாரும் வரப்போவதில்லை மகளே, இதை இனிமேல் சர்க்கரை தடவிச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சொல்ல வந்ததை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ, முப்பத்திரெண்டு வாரம்னு நர்ஸ் சொல்றாங்கம்மா, இப்பவே கிளம்பி வந்துடட்டுமா, என்று கேட்டாய். நாள் தள்ளிப்போனதிலிருந்து விரல் மடக்கி எண்ணிவிட்டு, ஏழு மாசம்தாண்டி ஆகுது, பெத்தவளுக்குத் தெரியாத கணக்கா, அடுத்த மாசம் வா, என்று அடித்துப் பேசினேன். நீயும் நம்பி டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாய். ஆஸ்பத்திரியில் அதற்கும் ஒரு மாதம் முன்னால், கடைசி மாதவிலக்கிலிருந்தே எண்ணுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? இருபது வருஷமாகப் பிரசவ வார்டுத் துணியைத்தானே தேய்க்கிறேன். தெரியும். அப்பா அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார், அவரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே விட்டுப்போயிருந்தது. ஒரு கட்டிலில் அவர், இன்னொரு கட்டிலில் நிறைமாதமாக நீ என்று நினைத்ததும் மலைத்துப்போனேன். ஒரு மாதம் மூச்சு விட்டுக்கொள்ளலாமே என்று ஆசைப்பட்டேன், அந்த ஆசைக்குத் தோதாக விரலை மடக்கினேன். விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் உன் டாக்டர் சீட்டைப் பார்த்து, முப்பத்தேழு வாரம், ஏற்ற முடியாது, என்று திருப்பி அனுப்பியது அதனால்தான். அந்த வெயிலில் இரண்டு பெட்டியோடு நாலாவது மாடிக்கு நீ திரும்பிப் போனதும் அதனால்தான். நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

அங்கே தகரக் கூரை அனலாக இறங்குகிறது என்கிறாய். ஜன்னலில் ஈரத் துண்டைத் தொங்கவிடு, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடி, பகலில் வெளியே தலை காட்டாதே, பக்கெட் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார். முகம் வீங்கினாலோ, தலைவலி விடாமல் அடித்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடாதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. உன் பெட்டிகளை மேலே தூக்கி வந்தாளே, கீழ்வீட்டு பஸ் டிரைவர் அக்கா, அவள் பாஷை உனக்குப் புரியாவிட்டாலும் சரி, ஒரு சாவியை அவளிடம் கொடுத்து வை.

நீயும் உன் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து நூறு வருஷம் இருக்க வேண்டும். காலையில் நான் கிளம்பும்போது அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டினார், அதையும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள். ஒன்றே ஒன்று ஞாபகம் வை. வலி எடுத்தால் எனக்குப் போன் பண்ணாதே. முள் குத்தினால்கூட அம்மா என்று ஓடிவரத்தான் உன்னைப் பழக்கியிருக்கிறேன், இந்தத் தடவை அது வேண்டாம். ஐயோ ஐயோ என்று கத்துவதைத் தவிர இங்கிருந்து என்னால் ஒன்றும் ஆகாது, அதைக் கேட்டுக்கொண்டு நீ நேரத்தைப் போக்காதே. அந்த அக்கா கதவைத் தட்டு, அவள் வேலைக்குப் போயிருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எனக்கு எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் போதும்.

உனக்கு உதவாமல் போன
அம்மா