ஆரம்பசூரியின் முயல்

ஜனவரி 22

அக்கா முயல் கொடுத்தாள். கேட்டது நான்தான். பத்து வருடமாக அங்கோரா முயல்களைப் போட்டிக்குக் கொண்டுபோகிறாள். அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கச் சான்றிதழ்கள்தான். "எனக்கும் ஒண்ணு குடேன், நானும் கொண்டுபோறேன்" என்று போன மாதம் சொன்னபோது சிரித்தாள். இன்று கடை விட்டுப் போனால், பெட்டியில் தயாராக வைத்திருந்தாள். இரண்டு மாதக் குட்டி. பெண். புகை நிறம். காது நுனி இரண்டிலும் குஞ்சம் தொங்குகிறது, அதனால் பெயர் குஞ்சம்.

வீட்டுக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தையல் மெஷின் ரூம்ல இன்னும் இடம் இருக்கா?" என்றார்.

அந்த அறையில் தையல் மெஷின், கிட்டார், கேக் அச்சுகள், இரண்டே நாள் போட்ட நீச்சல் உடை எல்லாம் இருக்கின்றன. அவர் எனக்கு வைத்த பெயர் ஆரம்பசூரி. ஆரம்பசூரன் என்பதற்குப் பெண்பால், அவரே கண்டுபிடித்தது. கோபித்துக்கொள்ள வழியில்லை, அவர் சொல்வதில் பொய் இல்லை. நாற்பத்துமூன்று வயதில் நான் எடுத்து முடித்த ஒரே காரியம் மூக்குக்கண்ணாடிக் கடைப் பயிற்சி. அதை முடிக்காவிட்டால் வேலை கிடையாது, அதனால் முடித்தேன்.

இதை முடிக்க வேண்டும். ஒரே ஒரு போட்டி. குஞ்சத்தை மேசையில் வைத்து, நடுவர் வாயால் ஓர் இடம் சொல்லக் கேட்டுவிட வேண்டும். முதல் இடமோ கடைசி இடமோ, ஏதோ ஒன்று. அவ்வளவுதான்.

பிப்ரவரி 3

தினமும் சீவுகிறேன். கம்பிச் சீப்பு. எவ்வளவு வருகிறது! ஒரு பை நிறைந்துவிட்டது. அவர் பையைத் தூக்கிப் பார்த்து, "இன்னொரு முயலே பண்ணிடலாம் போலிருக்கே" என்றார்.

பிப்ரவரி 9

முயல் சங்கத்தில் சேர்ந்தேன். செயலாளர் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர். இத்தனை வருடம் அவரிடம் தலைவலி மாத்திரை வாங்கியிருக்கிறேன், அவர் வீட்டில் முயல் இருப்பது தெரியாது. பையைப் பெருமையாகக் காட்டினேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, போட்டிக்குப் போகவேண்டியதைப் பையில கட்டி வச்சிருக்கீங்களே!"

அங்கோராவைச் சீவக் கூடாதாம். சீவினால் அடர்த்தி போய்விடும். காற்றால் ஊத வேண்டும். தூசியும் உதிர்ந்த முடியும் தானாகப் பறந்துவிடும், சிக்கும் விழாது. அக்கா இதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீ கேக்கவே இல்லையே" என்றாள். அதுவும் சரிதான், நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 11

புளோயர் வாங்கியாயிற்று. சத்தத்துக்கு நான்தான் பயந்தேன். குஞ்சம் என் மடியில் கண்ணை மூடிக்கொண்டு காற்று வாங்குகிறது, மகாராணிதான். தோல்வரை ரோமம் பிளந்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அறை முழுக்கப் பஞ்சு. இரவுச் சாப்பாட்டில் ஒரு இழை கிடைத்தது; அவர் எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு மேலே சாப்பிட்டார்.

மார்ச் 2

நகம் வெட்டினேன். முதல் தடவை. எல்லா நகமும் கறுப்பு, பின் இடதுகாலில் ஒன்று மட்டும் வெள்ளை. அத்தனை கறுப்புப் பாசிமணிக்கு நடுவே ஒரு முத்துக் கோத்த மாதிரி. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "பாரேன், எவ்வளவு அழகு!" சாயங்காலம்தான் பதில் வந்தது. "ம்."

அக்காவின் "ம்" எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 19

ரோமம் இரண்டு அங்குலம். தன்னையே நக்கி முடியை விழுங்கிவிடுமாம், வயிற்றில் அடைத்துக்கொண்டால் ஆபத்தாம். அதனால் காய்ந்த புல் நிறையத் தரச் சொன்னார் மருந்துக்கடைக்காரர். வீடு மாட்டுக்கொட்டகை வாசம் அடிக்கிறது. யாரும் குறை சொல்லவில்லை. சொல்ல இருப்பது ஒருத்தர்தான், அவருக்கு எப்போதும் ஜலதோஷம்.

ஏப்ரல் 7

இந்த நேரத்துக்கு நான் விட்டிருக்க வேண்டும். கிட்டார் ஏழு வாரம். கேக் அதைவிடக் குறைவு. அவர் காலண்டரைப் பார்ப்பதை நான் பார்த்தேன். இன்று அவரே கூண்டுத் தட்டைக் கழுவி வைத்திருந்தார். கேட்டதற்கு, "சும்மா, கை சும்மா இருந்துச்சு" என்றார்.

ஏப்ரல் 26

மேசையில் அசையாமல் உட்காரப் பழக்குகிறேன். ஒரு துண்டு விரிப்பு, அதன் மேல் குஞ்சம். பல்லைப் பார்க்கிறேன், காதைப் பார்க்கிறேன், மல்லாத்துகிறேன். ஆரம்பத்தில் உதைத்தது. இப்போது, செய்து தொலை என்கிற மாதிரி கிடக்கிறது. அவர் நடுவராக நடித்தார். நாற்காலியில் சாய்ந்து, "முயல் நல்லா இருக்கு. கூட வந்த அம்மாதான் கொஞ்சம் படபடப்பு" என்று தீர்ப்புச் சொன்னார்.

மே 18

பதிவு செய்துவிட்டேன். ஜூன் எட்டு. அக்காவிடம் சொன்னேன். "நிஜமாவா போறே?" என்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தேதியை இன்னொரு தடவை கேட்டாள். பிறகு, "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், வெயில் வேற, அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றாள். நான் போட்டிக்கு வந்துவிட்டால் என்னைப் பிடிக்க முடியாது என்ற பொறாமையோ? அக்காவுக்கா? சேச்சே.

ஜூன் 7

ரோமம் நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிறது. ஊதி முடித்து எழுந்தபோது என் இமையில்கூட ரோமம். நாளைக்கு.

ஜூன் 8

நீக்கம்.

ஜூன் 9

நேற்று எழுத முடியவில்லை.

பெரிய கூடம். நீள மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நடுவர், பக்கத்தில் எழுதுகிற பெண் ஒருத்தி. எங்கள் பிரிவில் ஆறு முயல். அக்கா இதே பிரிவில் இல்லை, அவளுடைய வெள்ளை முயல்கள் அடுத்த மேசையில். நடுவர் குஞ்சத்தை ஊதிப் பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார். "அடர்த்தி பரவாயில்ல. யார் ஊதுறது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி! பிறகு மல்லாத்திப் பல், பிறகு கால்கள். முன்னங்கால், பின்னங்கால். இடதுகாலில் விரல் நின்றது.

"கலர் முயல். ஒரு நகம் வெள்ளை. நீக்கம்."

எழுதுகிற பெண் எழுதிக்கொண்டாள். நடுவர் எனக்காகத்தான் மெதுவாகச் சொன்னார். நிற முயலுக்கு எல்லா நகமும் கறுப்பாக இருக்க வேண்டும், இது பிறவிக் குறை, வளர்த்ததில் ஒரு குற்றமும் இல்லை. "இதெல்லாம் குட்டி வாங்கும்போதே பாக்கிறதும்மா. குடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

அடுத்த மேசையைப் பார்த்தேன். அக்கா குனிந்து தன் ஏப்ரனில் ஒட்டியிருந்த ரோமத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் இழையாக.

பிறத்தியார் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுவிடுவதுதான் என் பிழைப்பு.

ஜூன் 11

போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. "உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அப்புறம் அவளே சொன்னாள். "நீ மேசை வரைக்கும் வருவேன்னு நான் நினைக்கலடி. ரெண்டு மாசம் ஊதுவே, அப்புறம் சிக்கு விழும், வெட்டிவிட்டுட்டு சும்மா வளப்பே. அதுக்கு நல்ல குட்டியைக் குடுக்க மனசு வரல."

"நான் நகத்தை போட்டோ எடுத்து அனுப்பினேனே. அப்பவாவது?"

"அப்பவும் விட்டுடுவேன்னுதான் இருந்தேன். நீ விடல. நாளாக ஆக எனக்குச் சொல்ல வாய் வரல."

வைத்துவிட்டேன். ஏமாற்றியிருந்தால்கூடத் தேவலை, திட்டித் தீர்த்திருப்பேன். இவ என்னை ஏமாத்தவே இல்லை. என்னை நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்தா, அவ்வளவுதான். நாலரை மாசம் தினமும் அரை மணி நேரம் — அது ஒண்ணுமே இல்லையா? ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாயில முத்தா உதிர்ந்துடும்? சொல்லியிருந்தா வேற குட்டி வாங்கியிருப்பேனே! வயிறெரியுது. அழுகையும் வருது, அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஜூன் 12

ஊதவில்லை.

ஜூன் 16

ஊதவில்லை. அக்குளில் முதல் சிக்கு.

ஜூன் 20

அவர் கேலி எதுவும் செய்வதில்லை இப்போது. அது வீட்டில் ஏதோ துக்கம் மாதிரி இருக்கிறது. இன்று காப்பி கொண்டுவந்து வைத்து, "போதும், விட்டுடேன். நீ நல்லாத்தான் பண்ணினே" என்றார். ஆதரவாகத்தான் சொன்னார்.

இதுவரை எல்லாவற்றையும் நானாகவே விட்டிருக்கிறேன். யாரும் விடச் சொன்னதில்லை. ஒருத்தர் சொல்லிக் கேட்கும்போது அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 22

குஞ்சத்தை வெட்டினேன். மழுங்கிய முனைக் கத்தரி, தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு. தோல் காகிதம் மாதிரி இருக்கிறது. அவர் அதன் காதுகளைப் பிடித்துக்கொண்டார். முடித்துப் பார்த்தால் பாதிகூட இல்லை, இத்தனை நாள் இத்தனூண்டு பிராணியையா தூக்கிச் சுமந்தோம் என்றார். வெட்டியதும் அறையை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து புல் தின்றது. அதற்கு ஒரு போட்டியும் தெரியாது, ஒரு நகமும் தெரியாது. இது நம் வீட்டில் இப்படியே இருக்கட்டும்.

ஜூலை 6

மருந்துக்கடைக்காரரிடம் குட்டி வாங்கினேன். வெள்ளை. வெள்ளை முயலுக்கு நகம் எல்லாமே வெள்ளையாக இருக்க வேண்டும், இதில் தவறவே முடியாது. ஆனாலும் கடை மேசையில் விளக்கை இழுத்து வைத்துப் பல், காது, கால், வால் எல்லாம் பார்த்தேன். மாத்திரை வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். "பொண்ணு பாக்கிற மாதிரி பாக்குறீங்களேம்மா" என்றார் அவர். சொல்லட்டும்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆரம்பசூரி" என்றார். நான்கு வாரத்துக்கு அப்புறம் இன்றுதான் சொல்கிறார். வீடு வீடாயிற்று.

ஆகஸ்ட் 17

வெள்ளையை ஊதினேன். ஒரு அங்குலம்.

செப்டம்பர் 14

அக்கா வந்தாள். சொல்லாமல், பெட்டியோடு. புகை நிறக் குட்டி, அவளிடம் இருப்பதிலேயே நல்ல ஜோடிக்குப் பிறந்தது என்றாள். கூடத்து மேசையில் வைத்தாள். நான் அதை மல்லாத்திக் கால் நகம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் மெதுவாகப் பார்த்தேன். அக்கா என் கடையில் கண் சோதனைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"குறை இல்ல" என்றேன்.

"இல்ல. எடுத்துக்கோ."

"வேண்டாம். என்கிட்ட இருக்கு."

அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வெள்ளை முயலின் ரோமத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், இரண்டு இடத்தில். எங்கே வாங்கினாய், எப்போது என்று எதுவும் கேட்கவில்லை. குஞ்சத்தை மட்டும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "நான் பண்ணினது தப்புதான்டி" என்றாள். செருப்புக்குச் சொன்னாளா, எனக்குச் சொன்னாளா தெரியவில்லை. மனசு ஆறவில்லை, ஆறாததை ஆறியது என்று ஏன் எழுத வேண்டும்?

அக்டோபர் 28

கடையில் ஒரு வாடிக்கையாளர் என் தோளைக் காட்டி, "உங்க மேல ஏதோ வெள்ளையா..." என்றார். "முயல்" என்றேன். போட்டிக்கா என்றார். ஆமாம் என்று சாதாரணமாகச் சொன்னேன்.

டிசம்பர் 1

போட்டிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, வெள்ளை இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை. மருந்துக்கடைக்காரர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அடைப்பு இல்லையாம், பயமாம். "உங்க பயம்தான் அதுக்கு ஒட்டிக்கிச்சு. வீட்ல கொஞ்சம் சத்தமாப் பேசிச் சிரிங்க." ராத்திரி வீட்டுக்காரர் கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்தார். காலையில் புல் காலி.

டிசம்பர் 9

நேற்றுப் போட்டி. வெள்ளைப் பிரிவு, ஐந்து முயல். அக்காவின் முயலும் அதில் ஒன்று. நடுவர் வேறு ஆள். பல் சரி, காது சரி, கால்கள். கால்களைப் பார்க்கும்போது நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிற பெண்ணிடம், "நாலாவது. அடர்த்தி இன்னும் வேணும், பராமரிப்பு சுத்தம்" என்றார். அடுத்த முயலுக்குப் போய்விட்டார். அக்காவுக்கு இரண்டாவது.

நாலாவது! வெளியே போய் அவருக்குப் போன் செய்தேன். "எத்தனை பேர்ல?" என்றார். "அஞ்சு" என்றேன். "அட, ஒருத்தனைத் தோக்கடிச்சிருக்கியே!" என்றார். குரல் கம்மியிருந்தது, ஜலதோஷம்தான் என்றார். நான் அழுதேன், எனக்கு ஜலதோஷம் இல்லை.

திரும்பி வந்தபோது எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இவர்கள் ஒருவரையொருவர் ஜெயித்ததா தோற்றதா என்று கேட்பதில்லை. "எப்போ வெட்டுறீங்க?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். இந்த ரோமத்தை எடுத்தால்தான் அடுத்தது வளரும். வெட்டுகிற நாளைப் பொறுத்துதான் எந்தப் போட்டிக்கு வர முடியும் என்பதே. போன தடவை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீக்கப்பட்ட முயலைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

அக்கா தன் முயலைப் பெட்டிக்குள் விட்டு, கொக்கி மாட்டினாள். என் பக்கம் நிமிராமலே, "எப்போ வெட்டுறே?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை" என்றேன்.

மனசுக்குள் மாதத்தை எண்ணிப் பார்த்தாள், உதடு அசைந்தது.

"ஏப்ரலுக்குச் சரியா வரும்" என்றாள்.