யாழினிக்கும் ஒரு அண்ணன்

என் ரகு அண்ணாவுக்கு,

நீ இல்லாமல் வரும் இரண்டாவது நவராத்திரி. போன வருஷம் துக்கம், கொலு வைக்கவில்லை. இப்போது வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் வந்தாயிற்று, எனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. மனசு முழுக்க எரிச்சல். யார்மேல் என்று சொன்னால் சிரிப்பாய். யாழினிமேல்.

நீ வசனம் எழுதிய விண்வெளித் தொடரின் யாழினிதான். டிவியில் அவளுக்கு ஊர் கிடையாது, உறவு கிடையாது. விண்கலம் ஓட்டுவாள், அவ்வளவுதான். அவளுடைய சின்ன வயதை நாவலாக எழுதச் சொன்னார்கள். நீ எழுதிக் கொடுத்த கையோடு கண்ணை மூடிவிட்டாய். புத்தகம் இப்போதுதான் வந்திருக்கிறது.

அவளுக்கு மயிலாப்பூரில் வீடு கொடுத்தாய், சரி. அண்ணனையும் ஏன் கொடுத்தாய்? விஜயதசமியன்று கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்போமே, அப்போது என்னைத் தூக்கிக்கொண்டு, "யார் ரொம்பக் களைச்சிருக்கா, நீயே சொல்லு" என்பாய். நான் செட்டியாரைக் காட்டுவேன், அத்தனை நாளும் கடையில் உட்கார்ந்திருந்தாரே என்று. புத்தகத்தில் அதுகூட அவளுக்கா?

பாண்டி பஜார் புத்தகக் கடையில் ஒரு கல்லூரிப் பெண் உன் புத்தகத்தைக் காட்டித் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த அண்ணன் செம இல்ல? எனக்கும் ஒருத்தன் இருக்கானே, சார்ஜரைக்கூடத் தர மாட்டான்." அது என் அண்ணன் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

போன வாரம் தொடர்க்காரர்கள் போன் செய்தார்கள். அடுத்த நாவலை வேறு யாரோ எழுதுகிறார்களாம். "மேடம், அதுல அண்ணன் இறந்துடறார். அந்த துக்கத்துலதான் அவ விண்கலத்துக்குப் போறா. சார் உருவாக்கின பாத்திரம், அதனால உங்க சம்மதம் வேணும்." எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நன்றாக வேண்டும் அவளுக்கு. என் பங்கை எல்லாம் வாங்கிக்கொண்டாளே, இதையும் வாங்கிக்கொள்ளட்டும்.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். யாரைக் கேட்பது? எதற்கும் உன்னைத்தானே கேட்பேன்.

நேற்று அந்தக் கொலு அத்தியாயத்தை மறுபடி படித்தேன். அண்ணன் அவளைக் கீழே இறக்கிவிடுகிற இடம் வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. உடனே போன் செய்து முடியாது என்றேன்.

"கதைக்குத் தேவைப்படுது மேடம்."

"அவ எங்க வேணா போகட்டும். அவர் மயிலாப்பூர்லயே இருப்பார்."

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. இந்த வருஷம் கொலு வைப்பேன் அண்ணா. செட்டியாரை நான்தான் படுக்க வைப்பேன், அதை மட்டும் அவளுக்கு விட்டுத்தர மாட்டேன். அண்ணனை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

உன் ஒரே தங்கை,
அவள் இல்லை, நான்தான்,
பத்மா