வாய் திறக்காத லாயர்

ஜூலை 8, திங்கள்

நல்ல வெயில். வடகம் போட்டேன். பாதியைக் கோழி கொத்திவிட்டது.

என் லாயர் மேல் லாயர்கள் கமிட்டிக்குப் புகார் அனுப்பி மூன்று மாதம். எழுத்தில் ஒரு பதில் இல்லை. பெட்டிஷன் எழுதும் சாமிநாதனிடம் கேட்டேன். “பெரிய இடம்மா. மெதுவாத்தான் வரும்.”

மகள் பாக்கியம் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். “ஒங்கப்பா குடிச்சிட்டுத்தானே செத்தாரு” என்று ஒருத்தி கேட்டாளாம். யார் பிள்ளை என்று தெரியும். போய்ச் சண்டை போட்டு என்ன ஆகும். கோர்ட்டிலேயே அப்படித்தானே எழுதி வைத்திருக்கிறார்கள்.

குடித்ததே இல்லை அவர். மர ஆலையில் கட்டை உருண்டு நெஞ்சில் ஏறியதும், உயிர் தங்கட்டும் என்று கூட வேலை செய்த மணியம்தான் மதுவும் விற்கும் காப்பிக்கடைக்கு ஓடி பிராந்தி வாங்கி வாயில் ஊற்றினார். அந்த வாடைதான் குடித்தார் என்று ஆனது. சாவு விசாரணையில் இதைச் சொல்லத்தான் லாயரை வைத்தேன். மணியம் கோர்ட் வாசலில் காலையிலிருந்து நின்றார். கூப்பிட ஆளில்லை. லாயர் வரவே இல்லை. ஆலைக்காரன் சொன்னது மட்டும் எழுத்தில் ஏறியது.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், உப்பு, பா.வுக்குப் பென்சில்.

ஜூலை 19, வெள்ளி

மழை. கூரை அதே இடத்தில் ஒழுகல்.

கடிதம் வந்தது. இங்கிலீஷ். சாமிநாதன் படித்துச் சொன்னார். புகார் கிடைத்ததாம், லாயரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். அவ்வளவுதான்.

சாயந்திரம் லாயர் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் எழுதிக் கொடுத்ததைக் கமிட்டியில் அப்படியே லாயர் கையில் கொடுத்துவிட்டார்கள் போல.

“என்னாக்கா, நம்ம ஐயா மேலயே புகாரா? மனசு நொந்துட்டாரு லா.”

“எனக்கு மனசு இல்லியா?”

“கோவத்துல எழுதிட்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க. முடிஞ்சிரும்.”

“எனக்குக் கோவம் முடியலியே தம்பி.”

டீ கொடுக்கவில்லை. யாரையும் இப்படி அனுப்பியதில்லை. ராத்திரி வரை அது வேறு உறுத்தல்.

ஆக. 14, புதன்

டவுனுக்குப் போனேன். சுதந்திர நாளுக்குத் தெருவெல்லாம் கொடி, தோரணம். கமிட்டி ஆபீசில் மின்விசிறிக்கு அடியில் ஒரு கிராணி.

“மெர்டேக்கா கழியட்டும்மா. பைல் எல்லாம் கட்டி வச்சாச்சு.”

போன மாதம் கேட்டபோது செக்ரட்டரி லீவு. அதற்கு முன் ஒரு தடவை போனபோது கையெழுத்து சரியில்லை என்றார்கள். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் பா.வுக்கு ரிப்பன் வாங்கினேன். அணிவகுப்பில் அவளும் இருக்கிறாள். அவர் இருந்தால் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நின்றிருப்பார்.

செப். 10, செவ்வாய்

தலைவலி. நாடு நம் கைக்கு வந்துவிட்டது, என் பைலும் ஒருவழியாய் மேசைக்கு வந்தது.

செக்ரட்டரியும் ஒரு லாயர்தான். நல்ல மாதிரிதான் பேசினார், உட்காரச் சொன்னார். கிராணி தமிழில் சொன்னான்.

“ஒங்க லாயர் தனக்குப் பதிலா சின்ன லாயர் ஒருத்தர அனுப்பியிருக்காரும்மா. அவரு வந்ததுக்குக் கோர்ட்டுல பதிவு இருக்கு. அதனால தப்பு இல்ல. பைல மூடிட்டாங்க.”

அப்போதுதான் நினைவு வந்தது. அன்று கோர்ட்டில் ஒல்லியாய் ஒரு பையன், எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்தான். ஆலைக்காரன் ஆள் என்று நினைத்து அவனை முறைத்துக்கொண்டிருந்தேன். என் லாயராம்!

“அவரு வாயத் தொறந்தாரா?” என்று கேட்டேன்.

கிராணி செக்ரட்டரியிடம் கேட்டுவிட்டுச் சொன்னான். “வந்தாரா இல்லியாங்கிறதுதான் இவங்க பாக்கிறது. பேசினாரா இல்லியாங்கிறது இல்லியாம்.”

அவனே இன்னொன்றும் சொன்னான். “ஒங்க புருஷன் குடிச்சாரா இல்லியாங்கிறதும் இவங்க விஷயம் இல்லியாம்.”

நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்குச் சொன்னேன்? பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே எரிச்சல்.

செப். 12, வியாழன்

துணி ஒரு மூட்டை. மணியம் வந்தார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நீங்க எழுதிக் கொடுத்தா தள்ள முடியாது தம்பி. வெளிய நின்னீங்க, கூப்பிடலன்னு.”

“மொதலாளி தவுக்கே காதுக்குப் போனா வேல போயிரும் அண்ணி. மூணு புள்ளைங்க.”

தெரியும் என்றேன். தெரியாமலா கேட்டேன். டீ ஆறிப்போனது. எழுந்து போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு யாரைச் சொல்வது, அதுதான் தெரியவில்லை.

செப். 15, ஞாயிறு

மூட்டம். மீன் வாங்கவில்லை.

காலையிலேயே மணியம் வந்து நின்றார், வெள்ளைச் சட்டையில். “வாங்க அண்ணி. நான் ஊத்துன பிராந்திய நான்தான் சொல்லணும்.” அவர் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அவதான் சட்ட தேய்ச்சிக் குடுத்தா.”

சாமிநாதன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“பைலதான் மூடிட்டாங்களேம்மா. இனி யாருக்கு எழுத?”

“அவங்களுக்குத்தான். மூடுனது அவங்க. நான் மூடல.”

“வீட்டுக்காரரு குடிச்சாரா இல்லியாங்கிறது அவங்க விஷயம் இல்லன்னு சொன்னாங்கள்ல?”

“அதத்தான் மொதல்ல எழுதுங்க” என்றேன்.