எஸ். அந்தோணி யார் என்ற விவகாரம்

அன்புள்ள சூசை மச்சானுக்கு,

செத்தது நீ. நம் சங்கம் சாகடித்தது என்னை. முதலில் இந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

மலைத்தாவர ஆய்வாளர் சங்கத்தின் புதிய செய்திமடல் போன வாரம் என் கைத்தொலைபேசிக்கு வந்தது. 'உறுப்பினர் செய்திகளும் வாய்ப்புகளும்' என்ற பக்கத்தைத்தான் நான் முதலில் படிப்பேன், உனக்குத் தெரியும். யாருக்குப் பரிசு, யாருக்கு எந்த நாட்டில் வேலை, எந்த மாநாட்டுக்குப் பயண உதவி என்று பார்த்து, நமக்கு ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் மற்ற பக்கங்களுக்குப் போவேன். இந்த முறை நமக்கு இருந்தது. செய்திகளில் நான் இறந்திருந்தேன். வாய்ப்புகளில் நீ, அடுத்த மாதம் உறுப்பினர்களைப் பாசிக்காட்டுக்குள் அழைத்துப் போகிறாய். 'இடங்கள் விரைவாக நிரம்பி வருகின்றன' என்று வேறு போட்டிருந்தார்கள்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எப்போது ஒப்புக்கொண்டாய்?

இந்தக் கடிதத்தை ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். சங்கத்துக்கு மட்டும் எழுதினால் அமுக்கிவிடுவார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் ஊருக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

உன் அப்பா பெயர் அந்தோணி. என் அப்பா பெயர் சூசை. நம் தோட்டத்துக் கோயிலுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்த சாமியாருக்கு அந்த இரண்டு பெயர்களுக்கு மேல் தெரியாதோ என்னவோ. நீ சூசை அனாக் லெலாக்கி அந்தோணி. நான் அந்தோணி அனாக் லெலாக்கி சூசை. இன்னாருக்கு மகன் என்று மலாயில் சொல்லும் அந்த இரண்டு சொற்கள்தான் அரசாங்கத்தின் கண்ணில் நம்மை இரண்டு ஆட்களாக வைத்திருந்தன. தோட்டத்து லய வீடுகளில் அதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் அடுப்பைப் பார்த்த நீ அடுப்புச் சூசை. மருந்து தெளிக்கும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்த நான் மருந்து அந்தோணி. நம் இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டவன் தோட்டத்தில் ஒருவன்கூட இல்லை. பட்டம் வாங்கியவர்கள் நடத்தும் சங்கத்துக்குத்தான் அது முடிந்தது.

உடனே மின்னஞ்சல் எழுதினேன், நான் சாகவில்லை என்று. ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: 'இந்த உறுப்பினரின் கணக்கு முடிக்கப்பட்டது. குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.' என் சாவுக்கு எனக்கே அனுதாபம் சொல்லிவிட்டார்கள். உன் தங்கை ஞானம் அதைப் படித்துவிட்டு, "நன்றின்னு ஒரு பதில் போடுங்க, மரியாதையா இருக்கும்" என்றாள்.

மறுநாள் காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது வாசலில் லாரி சத்தம். திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் தாமஸ். நாம் இரண்டு பேரும் வற்புறுத்திச் சங்கத்தில் சேர்த்துவிட்டோமே, அவன்தான். சக்கரம் மாதிரி ஒரு மலர்வளையம், முழுக்க வெள்ளைச் சாமந்தி, குறுக்கே ரிப்பனில் என் பெயர். கதவைத் திறந்தது நான்.

"அண்ணே!" என்றான். கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தான், தரையில் படுகிறதா என்று.

"படுதுடா. என்ன வேணும்?"

"இல்லண்ணே, மடல்ல போட்டிருந்துச்சு... இத என்ன செய்யிறது? திருப்பி எடுத்துட்டுப் போயிரவா?"

உள்ளேயிருந்து உன் தங்கை குரல் வந்தது. "வச்சிட்டுப் போ தம்பி. எப்படியும் ஒரு நாள் தேவைப்படும்லா."

இப்படி ஒரு குடும்பத்தில் பெண் எடுத்தேன், மச்சான். உன்னைத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு செயலாளருக்கே தொலைபேசினேன். டாக்டர் மாலதி, கோலாலம்பூரில் இருக்கிறார், நல்ல பெண், அவசரப் பேச்சு.

"ஹலோ, யாரு பேசுறது?"

"உங்க மடல்ல செத்தவன் பேசுறேன்மா."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்தது. பிறகு விவரம் வந்தது. "சாரி அங்கிள், சிஸ்டம் அப்படி லா. தகப்பனார் பேரு முன்னால வரும், ஒரு கமா போட்டு சொந்தப் பேரு பின்னால வரும். சூசை அங்கிள் பேரு 'அந்தோணி, சூசை'ன்னு வந்திருக்கு. மடல் தயாரிக்கிறப்ப கமாவ எடுத்துட்டாங்க."

"ஒரு கமாவுக்காக ஒரு மனுசனக் கொன்னுட்டீங்களாம்மா?"

"உங்க விண்ணப்பத்துலயும் பேரு அதே மாதிரிதான் மாறிருச்சு அங்கிள். அதான் காட்டு நடைக்கு அவரு பேரு வந்துருச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டு நடையை வழிநடத்த மூத்த உறுப்பினர் தேவை என்று அவர்கள் அறிவிக்கும் ஒவ்வொரு வருடமும் நான் விண்ணப்பிப்பேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பேராசிரியரைப் போடுவார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி, லத்தீன் பெயர்களை அகராதி வைத்துக் கற்றவன். கடைசியில் இந்த வருடம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், உன் பெயரில்.

இன்னொரு கூத்தையும் கேள். உன் மரணச் செய்தியை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பியது நான்தான். நல்ல ஆங்கிலத்தில், நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். அதை அப்படியே என் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். 'கோயில் பாடகர் குழுவின் இனிய குரல்' என்று போட்டிருக்கிறது. என்னைப் பாட வேண்டாம் என்று சாமியாரே கேட்டுக்கொண்டது மாவட்டத்துக்கே தெரியும். 'எல்லாரிடமும் விட்டுக்கொடுத்துப் போகும் மென்மையான மனிதர்' என்றும் இருந்தது. கம்போங் ராஜா கடைத்தெருவில் அதைச் சத்தமாகப் படித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்களாம். என் சாவைக் கேட்டு வந்த ஒரே கண்ணீர் அதுதான்.

"செத்தது நீங்க இல்லன்னு அந்த ஒரு வரியிலயே எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்" என்றாள் உன் தங்கை.

ஆனால் நான் எழுதாத ஒரு வரியும் அதில் இருந்தது. சங்கம் தன் பதிவேட்டைப் பார்த்துத் தானே சேர்த்தது: 'இந்த மலையில் அரிசிமணி ஆர்க்கிட்டை முதலில் கண்டவர் இவரே.'

அந்த வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

உலர்த்திய அந்தச் செடி சங்கத்தின் காப்பகத்தில் இருக்கிறது. அதோடு ஒட்டிய அட்டையில் 'கண்டவர்: எஸ். அந்தோணி' என்று எழுதியிருக்கிறது. தமிழ் முறைப்படி தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். அப்படிப் பார்த்தால் அது சூசை மகன் அந்தோணி, நான். வெள்ளைக்கார முறைப்படி சொந்தப் பெயரின் முதலெழுத்து முன்னால், தகப்பன் பெயர் பின்னால். அப்படிப் பார்த்தால் அது சூசை அந்தோணி, நீ. இத்தனை வருடமாக அட்டை வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

நீயும் சண்டை போடவில்லை. அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது. லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் சேறு புகுந்த வருடம், சேற்றில் முதலில் முளைப்பது எது என்று பார்க்கப் போனோம். நான் பெரணி என்றேன், நீ கோரை என்றாய். கோரைதான் முளைத்தது. அதையும் நீ சொல்லிக் காட்டவில்லை. திரும்பி வரும்போது லாரியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "எஸ். அந்தோணி சௌக்கியமா மச்சான்?" என்னைச் சந்தைக்குப் போகும் வழியில் பார்த்தாலும் அதே கேள்விதான், கோயில் வாசலில் பார்த்தாலும் அதே கேள்விதான். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டும் அதையே கேட்டாய். "சௌக்கியம், சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு நான் சன்னலைப் பார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் மாலதி திரும்ப அழைத்தார். "அங்கிள், திருத்தம் போடப் போறோம். நீங்க உயிரோட இருக்கீங்க, சூசை அங்கிள் தவறிட்டாரு. அந்த ஆர்க்கிட் மட்டும் தெரியல. எஸ். அந்தோணின்னா யாரு, நீங்களா அவரா? நீங்க சொல்றதப் பதிவேட்டுல ஏத்திருவோம். ஒரு தடவ ஏத்திட்டா மாத்த முடியாது லா."

'நான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மச்சான். மறுக்க நீ இல்லை. பார்த்தவன் வேறு யாரும் இல்லை. அது நாக்கு நுனி வரை வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றேன்.

மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் உன் தங்கை கோப்பியை மேசையில் வைத்தாள், கொஞ்சம் ஓசையாக.

"இதுல யோசிக்க என்னாங்க இருக்கு? அது எங்க அண்ணன் பாத்தது."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ கூட வந்தியா?"

"வரல. ஆனா அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்து சோத்துத் தட்ட நகத்தி வச்சீங்க. ஒரு வாரம் மூஞ்சி தூக்கிக்கிட்டு இருந்தீங்க. நீங்க பாத்திருந்தா லயத்துல ஒரு வீடு விடாம சொல்லியிருப்பீங்களே."

முப்பது வருடம் இந்தச் சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

சரி. ஒரே ஒரு முறை எழுதுகிறேன். இதைத் திரும்பச் சொல்லும்படி யாரும் கேட்கக் கூடாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து காட்டுக்குப் போனோம். வழக்கம்போல் நான் முன்னால். உன் காலில் அட்டை ஏறிவிட்டது. "மச்சான், கொஞ்சம் நில்லு லா" என்று ஒரு வேரில் உட்கார்ந்தாய். அட்டைக்கெல்லாம் நின்றால் காடு பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். "மச்சான், இங்க வந்து பாரு, ஒன்னு பூத்திருக்கு" என்று கூப்பிட்டாய். திரும்பி வந்தேன். அடிமரத்தில், பாசிக்கு நடுவில், அரிசியைவிடச் சிறிய ஒரு வெள்ளைப் பூ. என் முழங்கால் உரச நான் தாண்டிப் போன மரம் அது.

"வர்றப்பவே பாத்துட்டேன்" என்றேன்.

"அப்படியா?" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. கையில் இருந்த அட்டையைத் தூர வீசிவிட்டுச் சிரித்தாய்.

மறுநாள் நீ அடுப்பு வேலைக்குப் போன நேரத்தில் செடியோடு ஒட்டும் மற்ற அட்டையை நான் எழுதினேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அப்படி எழுதினேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். என்னை நினைத்துத்தான் எழுதினேன். உன் மரணச் செய்தியில் அந்தப் பூவை விட்டதும் மறதியால் அல்ல.

போதும். இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். சங்கத்தார் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளட்டும்.

செயலாளர் டாக்டர் மாலதி: நான் உயிரோடு இருக்கிறேன் என்று, நான் செத்ததாகப் போட்ட அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். கடைசிப் பக்கத்து மூலையில் போட்டால் மறுபடி அழைப்பேன்.

செய்திமடல் ஆசிரியர்: சூசையின் மரணச் செய்தியை முழுதாக வெளியிட வேண்டும், அனாக் லெலாக்கியைச் சுருக்காமல். இனிய குரலையும் மென்மையையும் அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆர்க்கிட் வரியை அதில் முதல் வரியாக வைக்க வேண்டும்.

காப்பகப் பொறுப்பாளர்: அட்டையைக் கிழிக்கக் கூடாது. கையெழுத்து என்னுடையது. பக்கத்தில் இன்னோர் அட்டை ஒட்டி, 'எஸ். அந்தோணி என்பவர் அந்தோணியின் மகன் சூசை' என்று எழுத வேண்டும்.

கணினி: கமாவைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தாமஸ்: ரிப்பனை அவிழ்த்துவிட்டு மலர்வளையத்தை உன் கல்லறைக்கு எடுத்துப் போக வேண்டும். சாமந்தி இன்னும் வாடவில்லை.

உன் தங்கை: இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றும் சொல்லக் கூடாது. சொல்வாள்.

நீ: இனி அந்தக் கேள்வியைக் கேட்காதே. அந்த எஸ். அந்தோணி நீதான்.

நான்: அடுத்த மாத நடைக்கு நானே முன்னால் போவேன். அந்த மரத்தடியில் எல்லாரையும் நிறுத்துவேன். பேராசிரியர்கள் நின்றபடியே தேடட்டும். பூ கண்ணில் படாது. பிறகு, முழங்கால் எவ்வளவு வலித்தாலும் சரி, நீ உட்கார்ந்த அதே வேரில் உட்கார்ந்து, "எஸ். அந்தோணி இங்க உக்காந்துதான் பாத்தாரு, எல்லாரும் உக்காருங்க" என்று சொல்வேன். இது சத்தியம்.

உன் தங்கையைக் கட்டியவன்,
சூசையின் மகன் அந்தோணி