போனை எடுத்தது யார்

பீர்க்கன்கரணை,
12.2.2006

அன்புப் பேரன் உதயாவுக்கு, ஆயா அஞ்சம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை உண்மையாக எழுதவும். போனில் கேட்டால் "நல்லா கீறேன் ஆயா" என்று ஓட்டமாகச் சொல்லிவிட்டு, கார்டு தீர்ந்துபோச்சு என்கிறாய். அதனால்தான் கடிதம் கேட்கிறேன். வாயால் சொன்னதை நாளைக்கு மாற்றிச் சொல்லலாம். எழுதினது என் கையில் இருக்கும்.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. உன் மாமா குப்புராஜ் பார்த்துவிட்டு, பையன் நிறம் ஏறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கையைப் பார்த்தேன். நியூசிலாந்தில் லேத் பட்டறையில் இருக்கிறேன் என்கிறாய். லேத்தில் நிற்கிறவன் நகம் இவ்வளவு வெள்ளையாக இருக்குமா? படப்பையில் மாமா பட்டறையில் இருந்த ஐந்து வருஷமும், எவ்வளவு சோப்புப் போட்டாலும் உன் நகக்கண்ணில் கறுப்பு போனதில்லை. அந்த ஊர் ஆயில் மட்டும் வெள்ளையா?

பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் தெரிகிறதே, அது யார்? தோள் மட்டும்தான் இருக்கிறது. மீதியைக் கத்தரித்திருக்கிறாய், வெட்டிய இடம் கோணலாக இருக்கிறது. பெண்ணாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு. உன் அம்மா போனபிறகு உன்னை வளர்த்தவள் நான், என்னிடம் மறைக்க உனக்கு வராது.

பதில் போடவும். டைப் அடித்து அனுப்ப வேண்டாம், கையால் எழுதவும்.

உன் ஆயா,
அஞ்சம்மாள்


ஆக்லாந்து,
1.3.2006

என் ஆயாவுக்கு,

நீ பிடித்துவிட்டாய். பட்டறை வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே பெரிய கண்ணாடிக் கொட்டகையில் குடைமிளகாய் வளர்க்கிறார்கள். அதைப் பெட்டியில் அடுக்குகிறேன். சிவப்பு ஸ்வெட்டர் பெண் இல்லை, என் அறையில் இருக்கும் அக்தர். பல்லாவரத்துப் பையன். அவன் கையில் மிளகாய்ப் பெட்டி இருந்தது. நீ பார்த்தால் வருத்தப்படுவாய் என்று வெட்டினேன்.

இங்கேயே நிரந்தரமாகத் தங்க மனு போட்டிருக்கிறேன். அதற்குப் பரீட்சை மாதிரி மார்க் உண்டு. வயசுக்கு, டிப்ளமோவுக்கு, மாமா பட்டறையில் வேலை செய்த ஐந்து வருஷத்துக்கு. இங்கே ஒரு கம்பெனி வேலை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் மார்க் ஏறும். கம்பெனியில் போய்க் கேட்டால், தங்குகிற அனுமதியை வாங்கிக்கொண்டு வா என்கிறார்கள். விசா ஆபீஸில் கேட்டால், வேலைக்கடிதத்தோடு வா என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்.

மாமா கொடுத்த அனுபவச் சான்றிதழைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன். அது உண்மையா என்று விசாரிப்பார்கள். மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதுவும் அமையாவிட்டால் ஜூலையில் விசா முடிகிறது, திரும்பிவிட வேண்டியதுதான்.

நீ மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்கிறாயா? இதையும் உண்மையாக எழுது.

உன்
உதயா


பீர்க்கன்கரணை,
19.3.2006

அன்புள்ள உதயாவுக்கு ஆயாவின் ஆசீர்வாதம்.

மிளகாய்ப் பெட்டி விஷயம் படித்தேன். எத்தனையோ பேர் நம்மிடம் கூலிக்கு நின்ற களத்தில் நீ ஓடி விளையாடினாய். குப்புராஜிடம் சொன்னதற்கு அவன், "அங்க போய் மொளகா அடுக்குறதுக்கு இங்க வந்து லேத்துல நிக்கச் சொல்லு. நான் இன்னா அவன வாணாம்னா சொன்னேன்?" என்றான். அவன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

விசாரிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். இதுவரை ஒருத்தரும் வரவில்லை. கேட் பக்கம் புது ஆள் நின்றால் நானே எழுந்து போய்ப் பார்க்கிறேன். போன வாரம் நின்றவன் கேபிள் டிவிக்காரன்.

ஜூலையில் வந்துவிடுவாய் என்று தெரிந்ததும் ஒரு காரியம் செய்தேன், கோபிக்காதே. கல்யாணத் தரகு பார்க்கும் அபிதகுஜாம்பாளிடம் உன் ஜாதகத்தைக் கொடுத்தேன். குன்றத்தூரில் ஒரு நல்ல இடம். பெண் லட்சணமாக இருக்கிறாள். ஆனால் அவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை, நம்மைப் பற்றித் தெருத்தெருவாக விசாரிக்கிறார்கள். பால்காரன் முதற்கொண்டு கேட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. குப்புராஜ் பட்டறைக்குப் போயிருந்தான், நான் எடுத்தேன். ஒரு பெண். ஏதோ ஆபீஸ் பேர் சொன்னாள், நான் நம்பவில்லை. உதயகுமார் என்பவர் உங்களிடம் வேலை செய்தாரா, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று தேன் மாதிரிப் பேசினாள். குன்றத்தூர்க்காரர்கள் ஆள் வைத்துக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சம்பளக்காரனுக்கா பெண் கொடுப்பது என்று யோசிக்கிறார்கள் போலிருக்கிறது.

"இன்னாம்மா கேக்குற நீ? எங்க வூட்டுப் புள்ள யாருகிட்டயும் சம்பளத்துக்குக் கைகட்டி நின்னது கெடையாது. பட்டறையே எங்களுது. பொழுது போவலன்னா போய்க் குந்தினு இருப்பான், அவ்ளோதான்" என்றேன். அவள் இரண்டாம் முறையும் கேட்டாள். நானும் இரண்டாம் முறை அதையே சொன்னேன். தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டாள். இனிமேல் சம்பளத்தைப் பற்றி அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

மாத்திரை போட்டுக்கொள்கிறேன். வெள்ளை மாத்திரையில் மட்டும் எனக்குச் சந்தேகம், டாக்டர் மாற்றிக் கொடுத்துவிட்டார் போல.

உன் வரவைப் பார்த்திருக்கும்
ஆயா


ஆக்லாந்து,
24.3.2006

ஆயா,

இதை மாமா இல்லாத நேரத்தில் படி. போனில் பேசலாம் என்றால், அவர் வீட்டில் இருந்து எடுத்துவிட்டால் வம்பு.

முதலில் நல்ல சேதி. ஒரு பட்டறை முதலாளி என்னை லேத்தில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, வேலைக்கடிதம் கொடுத்துவிட்டார். இத்தனை மாதமாகத் தேடியது கையில் இருக்கிறது. இனி நகம் கறுப்பாகும் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் விசா ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

மாமா சான்றிதழில் உள்ள நம்பருக்குப் பேசினார்களாம். பட்டறையில் போன் இல்லாததால் வீட்டு நம்பரைத்தானே லெட்டர்பேடில் போட்டிருக்கிறார். போனை எடுத்தவர், நான் அங்கே வேலை செய்ததே இல்லை, பொழுதுபோக்காக வந்து உட்காருவேன் என்று சொன்னாராம். பொய்ச் சான்றிதழ் கொடுத்ததாக ஏன் முடிவு செய்யக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் நிரூபிக்காவிட்டால் மனு போய்விடும். மனு போனால் வேலைக்கடிதம் வெறும் தாள்.

போனை எடுத்தது யார் என்று அவர்கள் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. நான் கிளம்பின அன்று மாமா, "நீ பூட்டா லேத்த யாரு பாக்குறது? எப்பிடிப் போறன்னு நானும் பாக்குறேன்" என்றாரே, நீயும் அங்கேதான் நின்றாய். பார்த்துவிட்டார். இவ்வளவு வஞ்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீயாவது அவரிடம் கேட்டு எழுது.

உதயா


ஆக்லாந்து,
2.4.2006

ஆயா,

நீ 19ஆம் தேதி எழுதிய கடிதம் இப்போதுதான் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன்.

மாமாவைப் பற்றி நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் ஆபீஸ் பேர் சொன்னாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். விசாரிப்பார்கள் என்று நான் முன்பே உனக்கு எழுதியிருந்தேன். போட்டோவில் என் நகத்தைப் பார்த்து எனக்குப் பட்டறை வேலை இல்லை என்று கண்டுபிடித்தவள் நீ. போனில் பேசினவள் யார் என்று மட்டும் உனக்குத் தெரியாமல் போயிற்றா? இல்லை, ஜூலையில் நான் வந்துவிட வேண்டும் என்று தெரிந்தே சொன்னாயா?

நீயும் மாமாவும் நோட்டரி வக்கீல் முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி உடனே கூரியரில் அனுப்ப வேண்டும். நான் சம்பளத்துக்கு வேலை செய்தேன் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். மறுபடி போன் வந்தால் மாமா எடுக்கட்டும். நீ எடுக்க வேண்டாம்.

உதயா


பீர்க்கன்கரணை,
12.4.2006

உதயாவுக்கு,

நீ கேட்ட பத்திரம் இதோடு இருக்கிறது. நான் போனில் சொன்னதைக் குப்புராஜிடம் நானே சொன்னேன். அவன் உடனே பட்டறையைச் சாத்திவிட்டு என்னை ஸ்கூட்டரில் தாம்பரத்துக்கு அழைத்துப்போனான். நீ அவனைச் சந்தேகப்பட்டு எழுதின கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அது அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வக்கீல் லாசரஸ் பத்திரத்தை எல்லோர் காதிலும் விழும்படி படித்தார். என் பேரன் என் மகனிடம் மாதச் சம்பளத்துக்கு லேத் தொழிலாளியாக இருந்தான், லேட்டாக வந்த நாளில் சம்பளம் பிடித்தோம் என்று. பெஞ்சில் நம் ஏரிக்கரை ஆட்கள் இருந்தார்கள். நம் நிலத்தில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள்.

"இதுல கையெழுத்துப் போட்டா, போன்ல சொன்னது பொய்னு நீங்களே ஒத்துக்கினா மாதிரி. பரவால்லியாம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"பெருமைக்குச் சொன்னது சார். அவன் கூலிக்குத்தான் வேலை செஞ்சான். எழுதிக்கோங்க" என்றேன்.

குமாஸ்தா கைநாட்டு மையை என் பக்கம் தள்ளினான். நான் பேனா கேட்டு வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன்.

அபிதகுஜாம்பாளிடம் போய் ஜாதகத்தையும் திருப்பி வாங்கிவிட்டேன். இந்தச் சேதி குன்றத்தூர் போய்ச் சேருவதற்குள் நாமே வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

நீ கேட்டதற்குப் பதில். அவள் ஆபீஸ் பேரை இங்கிலீஷில் சொன்னாள். விசாரிக்க ஆள் வருவார்கள் என்று நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குன்றத்தூர்க்காரர்கள் என்றுதான் நினைத்தேன். நம்பினால் நம்பு. தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாயா என்று அடுத்தபடி கேட்பாய். அதைக் கேட்காதே. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நகத்தைப் பார்க்கிற கண் என்னிடமிருந்து உனக்கும் வந்துவிட்டது. அந்த ஊரில் அது உனக்கு உதவட்டும்.

போன் அதே இடத்தில்தான் இருக்கிறது. நீ சொன்னபடி நான் எடுப்பதில்லை. நேற்று குப்புராஜ் போனபிறகு அடித்தது. நீ எப்போதும் கூப்பிடுகிற நேரம்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆயா,
அஞ்சம்மாள்